20 வாட் கணினிக்கு எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ்? பட்டயத்துக்கு அப்பால் பார்க்க வேண்டிய கணக்கு

குடும்பப் புகைப்படங்களைச் சேமித்து வைக்கவும், கேமராப் பதிவுகளைப் பாதுகாக்கவும், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் கோப்புகளை வழங்கவும் நாள் முழுவதும் ஓடும் சிறிய கணினி ஒன்றை அமைப்போர் பெருகி வருகிறார்கள். செயலியில் சிக்கனம், வட்டில் சிக்கனம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இவர்கள், எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியை வாங்கும்போது தடுமாறுகிறார்கள். கோல்டு என்ற தரப் பட்டயம் பெற்ற 650 வாட் கருவியை வாங்கினால் பின்னால் உதவும் என்று ஒருவர் சொல்கிறார். அவ்வளவு வாட் போட்டால் மின்கட்டணம் ஏறிவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டு பேச்சுமே பாதிதான் சரி. மின்வழங்கி உள்ளே எப்படி இழக்கிறது என்பது தெரிந்தால், எந்தப் பாதி சரி என்பது தானாக விளங்கும்.

## வாட் என்ற எண் எதைக் குறிக்கிறது

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வாட் எண், அது கணினிக்கு அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடிய திறனின் அளவு. கணினி 20 வாட் கேட்டால், 650 வாட் கருவியும் 20 வாட்டைத்தான் கொடுக்கும். ஆகவே எண் பெரிதாக இருப்பதாலேயே மீட்டர் வேகமாக ஓடாது. ஆனால் அந்த 20 வாட்டைக் கொடுப்பதற்குச் சுவரிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். மதர்போர்டுக்கும் வட்டுகளுக்கும் வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். இந்த மாற்றத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. கணினிக்குப் போய்ச் சேர்ந்த திறனைச் சுவரிலிருந்து எடுத்த திறனால் வகுத்து விழுக்காடாகச் சொன்னால் அதுவே பயனுறுதிறன். 20 வாட் கொடுக்க 25 வாட் எடுக்கும் கருவியின் பயனுறுதிறன் 80%. மீதமுள்ள 5 வாட் பெட்டிக்குள்ளேயே சூடாகத் தங்குகிறது. அதை வெளியேற்ற மின்விசிறி சுழல வேண்டும். சூடு கூடக் கூட உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுளும் குறையும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் மின்பகு மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாக வழங்கும் கைக்கணக்கு. மே மாதத்தில் அறை வெப்பமே 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், பயனுறுதிறன் கட்டணத்தோடு மட்டும் நிற்கும் விஷயமாக இருப்பதில்லை.

## இழப்பு இரண்டு வகை

மின்வழங்கியில் ஏற்படும் இழப்பை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் குழப்பம் முழுவதற்கும் திறவுகோல்.

1. நிலையான இழப்பு. கட்டுப்பாட்டுச் சில்லுகள், மின்விசிறி, மின்மாற்றியின் இரும்புக்கூறு உள்ளகம், நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர்களை இயக்கும் சுற்று ஆகியவை, கணினி ஒன்றுமே கேட்காவிட்டாலும் தமக்கென்று சில வாட்டை எடுத்துக்கொள்கின்றன. பெரிய கருவியில் பாகங்களும் பெரியவை என்பதால் இந்த அளவு பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

2. சுமையோடு வளரும் இழப்பு. மின்னோட்டம் கம்பிகளிலும் டிரான்சிஸ்டர்களிலும் டயோடுகளிலும் பாயும்போது ஏற்படுவது. மின்தடையால் வரும் பங்கு மின்னோட்டத்தின் இருமடியாகப் பெருகும் என்பதால், முழுச் சுமையை நெருங்கும்போது இது மேலோங்குகிறது.

இவ்விரண்டும் சேர்வதால்தான் பயனுறுதிறன் வரைபடம் ஒரு குன்றைப் போல இருக்கிறது: தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பாதிச் சுமையை ஒட்டி உச்சியைத் தொட்டு, பிறகு மெல்லச் சரிகிறது. முப்பது இட்லி வேகும் பானையில் இரண்டு இட்லியை வைத்தாலும் பானையின் தண்ணீர் முழுவதும் கொதித்தாக வேண்டும். 650 வாட் கருவியிடம் 20 வாட் கேட்கும்போது நடப்பது அதுவே. 20 வாட் என்பது அதன் சுமையில் 3% மட்டுமே. குன்றின் அடிவாரத்தில், நிலையான இழப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் இடத்தில், கருவி ஆண்டு முழுவதும் நின்றுகொண்டிருக்கும்.

## 80 பிளஸ் பட்டயம் சொல்வதும் சொல்லாததும்

மின்வழங்கிகளின் பயனுறுதிறனைச் சோதித்துப் பட்டயம் வழங்கும் 80 பிளஸ் திட்டம் 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. அது மின்வழங்கிகளின் தரத்தை உயர்த்தியதில் பெரும்பங்கு வகித்தது என்பதில் ஐயமில்லை. அதற்கு முன் சந்தையில் கிடைத்த கருவிகளில் பல, எடுத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெப்பமாக விரயம் செய்தன. ஆனால் இந்தப் பட்டயம் எந்தப் புள்ளிகளில் அளந்து தரப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 20%, 50%, 100% என்ற மூன்று சுமைகளிலேயே சோதனை நடக்கிறது. 115 வோல்ட்டில் அளக்கும்போது புரோன்ஸ் (வெண்கலம்) பட்டயத்துக்கு முறையே 82, 85, 82 விழுக்காடும், கோல்டுக்கு 87, 90, 87 விழுக்காடும், பிளாட்டினத்துக்கு 90, 92, 89 விழுக்காடும் தேவை. டைட்டானியம் என்ற மேல்படிக்கு மட்டும் 10% சுமையிலும் சோதனை உண்டு. அங்கே 90 விழுக்காட்டை எட்ட வேண்டும். நம் நாட்டின் 230 வோல்ட்டில் அதே கருவி ஓரிரு விழுக்காடு கூடுதலாகவே தரும், ஏனெனில் அழுத்தம் கூடும்போது உள்ளீட்டு மின்னோட்டமும் அதனால் வரும் இழப்பும் குறைகின்றன.

இப்போது 650 வாட் கோல்டு கருவியின் எண்களை எடுத்துப் பார்ப்போம். 20% என்றால் 130 வாட். சும்மா இருக்கும்போது 20 வாட்டும், கடுமையாக உழைக்கும்போது 60 வாட்டும் எடுக்கும் வீட்டுக் கணினி, அந்தக் கருவி சோதிக்கப்பட்ட மிகக் குறைந்த புள்ளியைக்கூட ஒருநாளும் தொடாது. 130 வாட்டுக்குக் கீழே அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பட்டயம் எந்த உறுதியும் தரவில்லை. ஒரே கோல்டு பட்டயம் பெற்ற இரண்டு கருவிகளுக்கிடையே 20 வாட்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடும். இரண்டின் தயாரிப்பாளர்கள் மீதும் குற்றம் சொல்ல முடியாது, ஏனெனில் அங்கே யாரும் அளக்கச் சொல்லவில்லை.

இந்தக் குறை உணரப்படாமல் போகவில்லை. கணினி மின்வழங்கிகளுக்கு இன்டெல் வெளியிடும் வடிவமைப்பு வழிகாட்டியின் அண்மைப் பதிப்புகள், 10 வாட் அல்லது 2% என்ற மிகக் குறைந்த சுமைக்கும் பயனுறுதிறன் வரம்பு வகுத்துள்ளன. சைபெனெட்டிக்ஸ் என்ற சோதனை அமைப்பு மிகப் பல சுமைப் புள்ளிகளில் அளந்து, அதன் சராசரியைக்கொண்டு தரம் வழங்குகிறது. இரைச்சலுக்கும் தனியாகத் தரம் இடுகிறது. அது வெளியிடும் சோதனை அறிக்கையில் குறைந்த சுமைக்கான அட்டவணையைத் தேடிப் பார்ப்பதே, பெட்டியின் மேலிருக்கும் பொன்னிறச் சின்னத்தைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

அணைத்து வைத்திருக்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும். கணினியை அணைத்த பிறகும், விசையை அழுத்தினால் விழித்தெழுவதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் 5 வோல்ட் துணைச் சுற்று ஒன்று இயங்கிக்கொண்டே இருக்கும். கணினி உறங்கும் நிலையில் நினைவகத்துக்கு உயிர் கொடுப்பதும் அதுவே. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய காத்திருப்பு நிலை இழப்புக்கு 2010இல் 1 வாட் என்றும், 2013 முதல் 0.5 வாட் என்றும் வரம்பு விதித்தது. மதர்போர்டின் பயாஸ் அமைப்பில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) ஈஆர்பி என்ற பெயரில் காணப்படும் தெரிவு, இந்த விதியை நிறைவு செய்வதற்காக வந்ததே.

## ரூபாயில் எவ்வளவு

ஒரு வாட் திறன் ஓராண்டு முழுவதும் இடைவிடாமல் செலவானால் 8.76 யூனிட் ஆகும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்குகளைக் கைவிரலிலேயே போட்டுவிடலாம். கணினிக்கு 20 வாட் தேவை என்று வைத்துக்கொண்டு, மூன்று கருவிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சில விழுக்காடுகளைப் பொருத்திப் பார்ப்போம்.

1. 650 வாட் கருவி, அந்தச் சுமையில் 70% என்று கொண்டால், சுவரிலிருந்து 28.6 வாட்.
2. 300 வாட் கருவி, 78% என்று கொண்டால், 25.6 வாட்.
3. மடிக்கணினி அடாப்டர் போன்ற தோற்றமுள்ள 90 வாட், 12 வோல்ட் அடாப்டரும், மதர்போர்டுக்கு வேண்டிய மற்ற வோல்ட்டுகளை உண்டாக்கும் சிறிய மாற்றிப் பலகையும், இரண்டும் சேர்ந்து 86% என்று கொண்டால், 23.3 வாட்.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு 5.3 வாட். ஆண்டுக்கு ஏறத்தாழ 46 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 370 ரூபாய் அளவு. கணினி நாளுக்கு ஐந்து மணி நேரமே ஓடுமானால் இதே வேறுபாடு ஆண்டுக்குப் பத்து யூனிட்டைக்கூடத் தொடாது.

விலையைப் பெருக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கு முறையில் கட்டணம் கணக்கிடப்படுகிறது. சேமிக்கும் யூனிட்டுகள் கடைசி அடுக்கிலிருந்தே கழிகின்றன. ஆகவே வீட்டின் சராசரி விலையால் பெருக்காமல், தாம் எட்டும் உயர்ந்த அடுக்கின் விலையால் பெருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளுக்குள்ளேயே பயன்பாடு முடிந்துவிடும் சிறிய குடும்பத்துக்கு, ரூபாய்க் கணக்கில் சேமிப்பு ஏதும் இராது.

இந்தக் கணக்கிலிருந்து நேர்மையாகக் கிடைக்கும் முடிவு ஒன்று. கையில் ஏற்கெனவே நல்ல நிலையில் எஸ்எம்பிஎஸ் இருந்தால், பயனுறுதிறனுக்காக மட்டும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 3,500 ரூபாய்க்குப் புதியது வாங்குவது, போட்ட பணத்தைத் திரும்பப் பெறப் பத்தாண்டை நெருங்கும். புதிதாக அமைப்பவருக்குத்தான் சரியான தேர்வு பலன் தரும், ஏனெனில் அவர் பெரும்பாலும் குறைந்த விலைக்கே குறைந்த இழப்பையும் பெறுகிறார். தேவையில்லாத கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று பழைய கணினியில் செருகியே கிடந்தால், அதைக் கழற்றி வைப்பது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதைவிடக் கூடுதலாகச் சேமிக்கும்.

## மூன்று வழிகள்

முதல் வழி, வழக்கமான வடிவில் சிறிய எஸ்எம்பிஎஸ் வாங்குவது. 300 முதல் 450 வாட் வரை, பட்டயம் பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் கருவி பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் போதும். பின்னாளில் ஹார்ட் டிஸ்க் சேர்க்கவோ கிராஃபிக்ஸ் அட்டை பொருத்தவோ எண்ணம் இருப்போருக்கு இதுவே ஏற்றது. பருத்த பெட்டிக்கு இடமில்லாதவர்கள் எஸ்எஃப்எக்ஸ், ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ் வடிவங்களை நாடலாம். பின்னதில் உள்ள 40 மில்லிமீட்டர் விசிறியின் கீச்சொலி படுக்கையறையில் பொறுக்க முடியாததாக இருக்கும் என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்வது நல்லது.

இரண்டாம் வழி, வெளியே ஓர் அடாப்டர், உள்ளே ஒரு மாற்றிப் பலகை. பைக்கோ பிஎஸ்யூ என்ற பெயரில் அறியப்பட்ட இந்த வகைப் பலகை, மதர்போர்டின் 24 ஊசி இணைப்பியிலேயே நேராகச் செருகிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. விசிறி கிடையாது. அடாப்டர் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி அனுப்ப, பலகை அதிலிருந்து 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் உண்டாக்குகிறது. 12 வோல்ட்டை அது மாற்றுவதே இல்லை. வந்ததை அப்படியே கடத்திவிடுகிறது. செயலிக்குப் போகும் பெரும்பகுதித் திறன் இந்த 12 வோல்ட் தடத்தில் செல்வதால், அங்கே இரண்டாவது மாற்ற இழப்பே ஏற்படுவதில்லை. 20 வாட் என்பது 90 வாட் அடாப்டருக்கு 22% சுமை. அதாவது குன்றின் அடிவாரத்தைத் தாண்டி, மேல்சரிவுக்கு வந்துவிட்டோம்.

அடாப்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு அதன் முதுகிலேயே ஒரு குறி இருக்கிறது. சிறிய வட்டத்துக்குள் ரோமன் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆறைக் குறிக்கும் VI என்ற எண் இருந்தால், அமெரிக்காவில் 2016 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தரத்தை அது நிறைவு செய்கிறது என்று பொருள். 49 வாட்டுக்கு மேல் 250 வாட் வரையிலான ஒற்றை வெளியீட்டு அடாப்டர்களுக்கு அந்தத் தரம் 25, 50, 75, 100 விழுக்காட்டுச் சுமைகளின் சராசரியாகக் குறைந்தது 88% கேட்கிறது. சுமையே இல்லாதபோது 0.21 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது.

மூன்றாம் வழி, அடாப்டரோடு சேர்த்தே விற்கப்படும் சிறு கணினியை வாங்குவது. இன்டெல் என்100 போன்ற 6 வாட் வகைச் செயலி கொண்டவை, அலுவலகங்களிலிருந்து கழிந்து சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு வரும் ஒரு லிட்டர் அளவுள்ள மேசைக் கணினிகள், ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி ஆகியவை இதில் அடங்கும். இங்கே தேர்வு செய்ய அதிகம் இல்லை. உற்பத்தியாளர் சொன்ன அடாப்டரைப் பயன்படுத்துவதே முறை. ராஸ்பெரி பை 5க்கு உரிய அடாப்டர் 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருகிறது. கைப்பேசி சார்ஜரைச் செருகினால் யுஎஸ்பி வழியாக இணைத்த வட்டுகளுக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்காமல் போகலாம்.

## சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்: தொடக்க உச்சம்

சராசரிச் சுமையை மட்டும் பார்த்துச் சிறிய அடாப்டரை வாங்குவோர் அகப்பட்டுக்கொள்வது ஹார்ட் டிஸ்க்கில். 3.5 அங்குல வட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும்; அதாவது 24 வாட். சுழன்று நிலைபெற்ற பிறகு 4 முதல் 6 வாட்டுக்கு இறங்கிவிடும். நான்கு வட்டுகள் ஒரே நேரத்தில் எழுந்தால் அவற்றுக்கு மட்டுமே 96 வாட். அதே நொடியில் செயலியும் விழித்துக்கொள்கிறது. 90 வாட் அடாப்டர் அங்கே தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், அல்லது மின்னழுத்தம் சரிந்து கணினி மறுதொடக்கம் ஆகும். பார்ப்பவருக்கு அது மதர்போர்டு பழுதுபோலத் தோன்றும். நான்கு வட்டு வைப்பவர் 150 வாட் அளவிலோ அதற்கு மேலோ செல்ல வேண்டும். அல்லது வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் வசதி உள்ள கட்டுப்பாட்டு அட்டையை அமைத்துக்கொள்ள வேண்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

## மின்வெட்டும் யூபிஎஸ்ஸும்

நாள் முழுவதும் ஓடும் கணினிக்கு யூபிஎஸ் தவிர்க்க முடியாதது. மின்கலத்தில் ஓடும்போது விலை குறைந்த யூபிஎஸ்கள் சீரான சைன் அலையைத் தராமல் படிக்கட்டு வடிவ அலையைத் தருகின்றன; நவீன எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள, உள்ளீட்டு மின்னோட்டத்தை மின்னழுத்த அலையோடு ஒத்துப்போகச் செய்யும் திறன்காரணித் திருத்தச் சுற்றுகளில் சில அதை ஏற்காமல் நின்றுவிடுகின்றன. வாங்கியவுடன், முக்கியக் கோப்பு எதுவும் திறந்திராத வேளையில், சுவர் இணைப்பைத் துண்டித்து ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

12 வோல்ட் மின்கலத்தை நேராகக் கணினிக்கு இணைத்துவிட்டால் மாற்றங்களைக் குறைக்கலாமே என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. எண்ணம் சரியானது, ஆனால் 12 வோல்ட் என்ற பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஈய அமில மின்கலம் மின்னேற்றத்தின்போது 14 வோல்ட்டைத் தாண்டும். தீரும்போது 11க்கும் கீழே இறங்கும். கணினி ஏற்பதோ 12 வோல்ட்டில் 5% கூடுதல் குறைவு, அதாவது 11.4 முதல் 12.6 வரை. 12 வோல்ட்டை அப்படியே கடத்திவிடும் சாதாரண மாற்றிப் பலகையை மின்கலத்தில் இணைத்தால், அந்த 14 வோல்ட் நேராக ஹார்ட் டிஸ்க்கின் மின்சுற்றுக்குப் போகும். அகன்ற உள்ளீட்டு வகை எனப்படும், 12 வோல்ட்டையும் தானே சீராக்கித் தரும் பலகையை மட்டுமே இதற்குப் பயன்படுத்தலாம். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்றிரண்டு ஆம்பியருக்கு வடிவமைக்கப்பட்டது. வட்டு உள்ள கணினியை அதில் தொங்கவிடக் கூடாது.

## பாதுகாப்பு

கேபினெட்டோடு இலவசமாக வரும், கையில் எடுத்தால் வெறும் தகரப்பெட்டி போலக் கனமில்லாத எஸ்எம்பிஎஸ்ஸை நாள் முழுவதும் ஆளில்லா அறையில் ஓடவிடக் கூடாது. மின்காந்த இரைச்சல் வடிகட்டியும், மிகைமின்னோட்டப் பாதுகாப்பும் அதில் விடுபட்டிருக்க வாய்ப்புண்டு. அடாப்டரில் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவுக் குறியும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உலோகப் பெட்டியைத் தொடும்போது விரலில் மெல்லிய அதிர்வு தெரிந்தால், அந்தச் சுவர்ப் பொருத்தியில் நிலத்தொடர்பு இல்லை என்று கொண்டு மின்பணியாளரை அழைப்பது முதல் வேலை.

## வாங்கிய பின் அளப்பது

பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டர் இருந்தால் நல்லது; விலை குறைந்தவை 5 வாட்டுக்குக் கீழே தவறாகக் காட்டும் என்பதால், காத்திருப்பு நிலை அளவை அவற்றைக்கொண்டு நம்ப வேண்டாம். அது இல்லாதவர்களுக்கு மின்வாரிய மீட்டரே போதும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது 3,200 என்றால், ஒரு மின்னலுக்கு 1,125 ஜூல். இந்த எண்ணை இரு மின்னல்களுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி, ரவுட்டர், செட்டாப் பெட்டி, செருகியே கிடக்கும் கைப்பேசி சார்ஜர் வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிட வேண்டும். அது தொடங்கி முடிந்து அமைதியாகும்வரை பத்து நிமிடம் விட்டுவிட்டு, ஒரு மின்னலில் தொடங்கி அடுத்த பத்து மின்னல்களுக்கான நேரத்தைக் கைப்பேசியின் நிறுத்தக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே பார்த்த எடுத்துக்காட்டில், 650 வாட் கருவியோடு அந்தப் பத்து மின்னல்கள் 6 நிமிடம் 33 நொடியில் முடியும். அடாப்டரும் பலகையுமாக மாற்றிய பிறகு 8 நிமிடம் 3 நொடி ஆகும்.